திரும்பி வந்த சேவல்

அத்தியாயம் 14

விடிந்து நேரமாகியிருந்தது. கயல்விழிக்கு எதுவும் கேட்கவில்லை.

வலது பக்கமாகப் படுத்திருந்தாள். வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது. இடது காது நாலு வருடமாகக் கேட்பதில்லை. அவள் புருஷன் அறிவுச்செல்வன் அறைந்த காது. அந்த வீட்டை விட்டு வந்த பிறகு, யாராவது பேசினால் முகத்தை இடப்பக்கம் திருப்பி வலது காதைக் கொடுப்பது அவளுக்குப் பழகிவிட்டது. அப்படிச் செய்வதை அவளே இப்போது கவனிப்பதில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் சத்தம் கேட்டது.

மழை இல்லை. மழை மூன்று நாளாகப் பெய்கிறது, அதன் சத்தம் வேறு. இது தகரத்தில் எதையோ வீசி வீசி அடிப்பது போலிருந்தது. சேவல் கொட்டகையிலிருந்து வந்தது.

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு மேற்கே சேவல் கொட்டகை. கிழக்கே பெட்டைக் கொட்டகை. ஒன்றின் கண்ணில் மற்றது படக் கூடாது என்று நடுவில் வீடு இருக்கும்படி கயல் கட்டியிருந்தாள். முதல் தடவை எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றாகத்தான் வளர்த்தாள். பதினான்காம் வாரம் பெட்டைகளின் முதுகில் இறகு இல்லை. தீவனத் தட்டைச் சேவல்கள் மறித்துக்கொண்டன. பெட்டைகள் மூங்கிலில் ஏறி உட்கார்ந்து பட்டினி கிடந்தன. அதன் பிறகு பிரித்தாள். பிரித்த சேவல்கள் ஒன்றையொன்று குத்திக் கொன்றன. பெட்டையோடு பழகிய சேவல் இன்னொரு சேவலைப் பொறுக்காது என்று அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

இந்தத் தடவை எட்டாவது வாரத்திலேயே பிரித்துவிட்டாள். அறுபத்திரண்டு சேவல்களும் ஒரே உமியில் புரண்டு, ஒரே தட்டில் தின்று, சண்டையில்லாமல் கிடந்தன. நேற்றுவரை.

கதவைத் திறந்தாள்.

உமியில் இரத்தம். ஜோடி ஜோடியாக எம்பி அடித்துக்கொண்டிருந்தன. கால் வைக்கும் இடத்தில் ஒன்று செத்துக் கிடந்தது. தள்ளி இன்னும் சில. மூலையில் ஒரு சேவல் தலையைச் சுவரிடுக்கில் செருகி நின்றது. அதன் மேல் நாலைந்து ஏறிக் கொத்திக்கொண்டிருந்தன. அது ஓடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை.

அதன் காலில் மஞ்சள் கயிறு இருந்தது.

கயிறு அவளுக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன் அம்மா இந்தக் கொட்டகையிலிருந்து பிடித்துப்போன சேவல். வீரனாருக்கு நேர்ந்திருக்கிறேன் என்றாள். என்ன வேண்டுதல் என்று கயல் கேட்கவில்லை. கொல்லையில் வீட்டுப் பெட்டைக்கோழிகள் நாலோடு அது திரிந்தது. கொண்டை சிவந்தது. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதாக இருந்தது. அம்மா போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

கயல் அதை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறக்கினாள். நாலு பக்கமும். உள்ளே இருட்டானது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

"அம்மா!"

பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"இத யாரு உள்ள விட்டது?"

"நாந்தான். நேத்து சாயந்தரம்."

"ஏன்?"

"ஏன்னா? அங்கேருந்து புடிச்சிட்டு வந்தது. அங்கேயே கொண்டுபோய் விட்டேன். கூடப் பொறந்ததுங்கதானே."

"பத்து நாளு பெட்டையோட சுத்திட்டு வந்திருக்கு. இது யாருன்னே அதுங்களுக்குத் தெரியாது."

"பத்து நாள்ல மறந்துடுமா?"

"மறந்துடும்."

"நேத்து பொழுதுபோயி வந்து பாத்தேனே. எல்லாம் ஒண்ணா ஒட்டிகிட்டு சும்மாதான் கெடந்துச்சு."

"இருட்டுல எல்லாம் சும்மாதாம்மா இருக்கும். விடிஞ்சாத்தான் மூஞ்சி தெரியும்."

பொன்னுத்தாய் சேவலைக் கிட்டத்தில் பார்த்தாள். கொண்டை கிழிந்து தொங்கியது. வலப் பக்கம் கண் இருந்த இடத்தில் இரத்தம் உறைந்திருந்தது.

"கண்ணு?"

"போயிடுச்சு."

பொன்னுத்தாய் நெஞ்சில் கை வைத்தாள்.

"உள்ள ஏழு செத்துக் கெடக்கு. அதக் கேக்க மாட்டேங்குற" என்றாள் கயல்.

சாமிதுரை வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். முழங்கால்வரை சேறு. சம்பா நட்டு இருபது நாள். மழை ஆரம்பித்ததிலிருந்து காலையும் மாலையும் வரப்பை வெட்டி விட்டுப் பார்க்கிறார்.

"வடியுதாப்பா?"

"எங்க வடியறது. வயல விட வாய்க்கால்ல ஒசரமா ஓடுது தண்ணி." தார்ப்பாயைப் பார்த்தார். மகள் கையிலிருந்த சேவலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "ஒங்கம்மா வேலையா?"

"எம் வேலைதான். தூக்குல போடுங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"எத்தன?"

"ஏழு. இன்னும் ரெண்டு தேறாது போலருக்கு."

சாமிதுரை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"எதுக்கு நேந்துகிட்டான்னு கேட்டியா நீ?"

"கேக்கல."

"கேளு."

கயல் அம்மாவைப் பார்த்தாள். பொன்னுத்தாய் கரண்டியைப் பார்த்தாள்.

"புகழு வரணும்னு" என்றாள்.

மழை வலுத்தது. மூன்று பேரும் கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள்.

புகழேந்தி கயலுக்கு மூன்று வயது மூத்த அண்ணன். ஒன்பதாம் வகுப்புவரை அவளை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் குடவாசல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன். தன் சிநேகிதன் அறிவுச்செல்வனுக்கு அவளைக் கட்டி வைத்தவனும் அவன்தான். அவள் வீங்கிய முகத்தோடு வந்து நின்றபோது, அறிவு அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றான். படியில் விழுந்திருப்பாய் என்றான். திரும்பிப் போ என்றான். அவள் போகவில்லை. அவன்தான் போனான், திருப்பூருக்கு, அதே அறிவுச்செல்வனோடு வேலை பார்க்க. நாலு வருடம்.

போன வாரம் அம்மா கயலின் அறையிலிருந்து தீவன மூட்டைகளை எடுத்து வெளியே அடுக்கினாள். எலி வருகிறது என்றாள். இப்போது கயலுக்குப் புரிந்தது. அது ஒரு காலத்தில் புகழின் அறை.

"அது வந்தா நான் எங்கம்மா போறது?"

"ஏன் போகணும்? மூணு பேரு சாப்புடுற சோத்த நாலு பேரு சாப்புடுறது."

"சோத்தக் கேக்கல."

பொன்னுத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

"வெள்ளிக்கிழம வரேன்னான். வரல. போனையும் எடுக்கல. மூணு நாளு பாத்தேன். வீரன் என்னைய ஏமாத்திட்டான், நானும் அவன ஏமாத்துறேன்னு கொண்டுபோய் உள்ள விட்டுட்டேன். போதுமா?"

"நல்லா ஏமாத்துன" என்றார் சாமிதுரை.

கயல் சேவலின் காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் தனியாக விட்டாள். கொஞ்சம் கருக்கா நெல்லைப் போட்டாள். அது தின்னவில்லை. பார்வை உள்ள கண் முன்னால் வரும்படி தலையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது.

பத்து மணி பஸ்ஸில் புகழேந்தி வந்தான்.

குடை இல்லை. ஒரு பை. வேலிப் படலுக்கு வெளியே நின்று, "அம்மா" என்றான். இளைத்திருந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது.

பொன்னுத்தாய் ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"உள்ள வராத!"

புகழேந்தி ஒரு காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"நீ வந்தா வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடி வீரனுக்குச் சேவல் குடுத்துடறேன்னு நேந்துருக்கேன். அதுக்கு முன்னாடி இந்த வீட்டுப் பச்சத் தண்ணி ஒன் பல்லுல படக் கூடாது. நில்லு. அங்கேயே நில்லு." பேசும்போதே அழுதாள். "இப்புடி எளச்சுட்டியேடா."

"மழையில நிக்கறாங்க வந்தவங்க. கொட்டாயில ஒதுங்கச் சொல்லு" என்றார் சாமிதுரை. மகனைப் பார்க்காமல் சொன்னார்.

வந்தவங்க. புகழேந்திக்கு அது கேட்டது. பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சேவல் கொட்டகைத் தாழ்வாரத்துக்குப் போனான்.

பொன்னுத்தாய் கயலிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இடது பக்கம் வந்து நின்றிருந்தாள். நினைவு வந்து வலது பக்கம் மாறினாள்.

"ஊனப்பட்டத வீரன் வாங்க மாட்டான். வேற ஒண்ணு புடிச்சுக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"உள்ள அம்பத்திநாலு இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு. வெளிய வாங்குனது ஆகாது, வீட்ல வளந்ததா இருக்கணும்னு வாய்விட்டுச் சொல்லி நேந்துட்டேன். வீட்டுக் கோழியில சேவலும் கெடையாது. நான் என்ன பண்ணுவேன்?"

"என்ன வேணா பண்ணு. நான் குடுக்க மாட்டேன்."

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

சாமிதுரை கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ வளத்தது. அவளாக் குடுத்தா உண்டு" என்றார். "இல்லன்னா வந்தவங்க வந்த வழியே போகட்டும்."

கயல் செத்த சேவல்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து கொட்டகைக்குப் பின்னால் போட்டாள். ஏழும் நல்ல எடை. திரும்பி வந்தபோது புகழேந்தி அப்பாவின் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வெட்டச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. சேற்று மண். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது.

"நோவா?" என்றான்.

"இல்ல. அடிச்சுகிட்டதுங்க."

"எல்லாம் ஒரே எனந்தானே?"

"ஒரே எனந்தான். ஒண்ணு வெளிய போயிட்டு வந்துச்சு."

அவன் கொஞ்சநேரம் வெட்டினான்.

"சேவலத் தனியாப் பிரிச்சதாலதான் இப்புடி ஆவுதோ? ஒண்ணாவே வுட்டா என்ன?"

"ஒண்ணா வுட்டா பெட்டைங்க சாவும். அதுங்க சத்தம் போடாமச் சாவும், அவ்வளவுதான் வித்தியாசம்."

புகழேந்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கயலு."

மழைச் சத்தம். அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். அவன் அதைப் பார்த்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டான்.

"இன்னும் கேக்கலையா அந்தக் காது?"

"இனிமே கேக்காது. டாக்டரு அப்பவே சொன்னாரு. நீயும் பக்கத்துலதான் நின்ன."

"அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு நெனச்சேன்."

"தெரியும். சொன்ன."

"சின்னதுலேருந்து பழகுனவன். எங்கிட்ட ஒரு நாளு குரல ஒசத்திப் பேசுனதில்ல."

"ஒங்கிட்ட ஏன் ஒசத்துறான்?"

அவன் ஒரு சேவலைக் குழியில் இறக்கினான். இன்னொன்று.

"இப்ப எதுக்கு வந்த?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"எத?"

"ரெண்டாவது கட்டிகிட்டான்ல. வானதின்னு. எனக்கு எதுத்த வீடுதான். வெள்ளிக்கிழம ஊருக்குக் கெளம்பிப் பைய எடுத்துகிட்டு வெளிய வரேன். அவன் வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு. அந்தப் பொண்ணு தலைமுடியப் புடிச்சு…" நிறுத்தினான். "எங்கண்ணு முன்னாடி. என்னையப் பாத்தும் நிறுத்தல. வா மாப்ளேங்கறான்."

கயல் கையில் கடைசிச் சேவல் இருந்தது. அதன் இறகைத் தடவி ஒழுங்கு பண்ணினாள். பிறகு குழியில் வைத்தாள்.

"நீ பாத்தாத்தான் நம்புவ" என்றாள்.

அவன் மண்ணைத் தள்ளத் தொடங்கினான். முழுவதும் தள்ளி மிதித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"அவனப் புடிச்சுத் தள்ளிட்டு வெளிய கூட்டிட்டு வந்தேன். நாலு நாளு ஒரு தெரிஞ்சவங்க வீட்ல வெச்சிருந்தேன். அவங்களும் எத்தன நாளைக்குத்தான் வெச்சிருப்பாங்க? போலீஸு வேணாங்குது. அதுக்கு அப்பா அம்மா கெடையாது. சித்தி வீட்ல கதவச் சாத்திட்டாங்க."

"இப்ப எங்க இருக்கு?"

புகழேந்தி ரோட்டுப் பக்கம் பார்த்தான்.

"குடவாசல்ல. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன். ஒன்னையக் கேக்காம இங்க கூட்டிட்டு வரக் கூடாதுன்னு."

அதைக் கேட்டதும் கயலுக்கு முதலில் வந்தது கோபம். நாலு வருடத்துக்கு முன் இந்த வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அப்போதும் அவளைக் கேட்காமல்தான் எல்லாம் பேசினார்கள். இன்று அவளைக் கேட்கிறார்கள். அம்மா ஒரு சேவல் கேட்கிறாள். இவன் இதைக் கேட்கிறான்.

பஞ்சாரத்துக்குள் மஞ்சள் கயிறு கட்டிய சேவல் நின்றுகொண்டே இருந்தது. அதை இனிச் சேவல்களோடு விட முடியாது. பெட்டைகளோடும் விட முடியாது. கோயிலும் ஏற்காது.

"யாருன்னு சொன்னியா அதுகிட்ட? நான் யாருன்னு?"

"சொன்னேன். வர மாட்டேன்னுதான் சொல்லுச்சு. அவங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்னு அழுவுது."

மழை சற்று ஓய்ந்தது. தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு சேவல் கூவ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது.

"போயிக் கூட்டிட்டு வா" என்றாள் கயல்.

"எங்க கூட்டிட்டு வர? அம்மா என்னையவே வாசப்படி மிதிக்க விடல. நீ ஒரு சேவலப் புடிச்சுக் குடுத்தீன்னா…"

"நீ மிதிக்க வேணாம். அந்தப் பொண்ணு வரலாம்ல? அதுக்காக யாரும் எதையும் நேந்துக்கல. நேரா உள்ள வரலாம்."

அவன் அவளைப் பார்த்தான். அண்ணே என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தட்டுப்பட்டது. பையைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டு நடந்தான்.

"எங்கடா போற?" என்று கத்தினாள் பொன்னுத்தாய். "பாவி, நீதாண்டி வெரட்டிட்ட!"

"வரும்மா. ஒருத்தரக் கூட்டிட்டு வரப் போயிருக்கு."

"யார?"

"வரட்டும்."

சாமிதுரை மகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "எத்தன பேருக்கு எடம் வேணும்?" என்றார்.

"என் ரூம்ல ஒருத்தருக்கு எடம் இருக்குப்பா. மூட்டையத்தான் எடுத்தாச்சே."

அவர் மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போனார்.

மத்தியானம் கயல் சாப்பிடவில்லை. பெட்டைக் கொட்டகைக்குத் தண்ணீர் வைத்தாள். சேவல் கொட்டகைத் தார்ப்பாயை ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சம் பட்டதும் இரண்டு சேவல்கள் கழுத்து இறகைச் சிலிர்த்தன. இறக்கிவிட்டாள். பொன்னுத்தாய் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். வடித்த சோற்றை மூடி வைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது.

புகழேந்தி முதலில் இறங்கினான். பின்னால் ஒரு பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். நீலச் சேலை. முந்தானையைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கையில் துணிக்கடைப் பை ஒன்று. வேலிப் படலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

பொன்னுத்தாய் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பெண்ணின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அடப் படுபாவி! சொல்லாமக் கொள்ளாமக் கட்டிகிட்டியா? இதுக்குத்தான் வெள்ளிக்கிழம வரலையா நீ? கயலு, ஒங்க அண்ணிய அங்கேயே நிக்கச் சொல்லு. ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வரேன்." அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள். தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

புகழேந்தி வாயைத் திறந்தான். கயல் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்து இரைந்தது.

கயல் படலைத் திறந்தாள்.

"வானதி, உள்ள வா."

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். கேட்டதாகவே தெரியவில்லை.

கயல் ஒரு எட்டு முன்னால் போனாள். மழையில் நனைந்தபடி இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"உள்ள வாம்மா."

வானதி நிமிர்ந்தாள். தலையைச் சுற்றியிருந்த முந்தானையை ஒதுக்கினாள். முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்தாள்.